களிக்குப் பக்கத்தில் எவ்வளவு கீரை? தாவர உணவில் எடை குறைப்பவர்களுக்கான மாவுச்சத்துக் கணக்கு

எடையைக் குறைக்கணும் என்று முடிவெடுத்தவுடன் முதல் அடி சோற்றுக்குத்தான் விழுகிறது. சேலத்தில் நாலு ரோட்டுப் பக்கம் ஜிம்முக்குப் போகிறவராகட்டும், செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் நாள் முழுக்கச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பவராகட்டும், "நான் சோத்தை விட்டுட்டேங்க" என்று சொல்வதில் ஒரு தனிப் பெருமை. முட்டை, கோழி, மீன் சாப்பிடுகிறவருக்கு இது எப்படியோ கொஞ்ச நாள் ஓடும். இறைச்சியும் முட்டையும் பாலும் வேண்டாம், செடியிலிருந்து வருவது மட்டும் போதும் என்று இருப்பவர் சோற்றையும் களியையும் கிழங்கையும் விட்டுவிட்டால் தட்டில் மிஞ்சுவது என்ன? காயும் கீரையும் கொஞ்சம் பருப்பும். அதை வைத்துக்கொண்டு யாரும் மூன்று மாதம் தாண்டியதாக நான் பார்த்ததில்லை.

தாவர உணவில் எடை குறைப்பதற்கு மாவுச்சத்தை ஒழிக்கத் தேவையில்லை. அதற்குப் பக்கத்தில் எவ்வளவு காய் வைக்கிறோம், எந்த உருவத்தில் மாவுச்சத்தைச் சாப்பிடுகிறோம், எவ்வளவு எண்ணெய் விடுகிறோம் என்பவைதான் எடையைத் தீர்மானிக்கின்றன.

சோற்றை வைத்தே வைத்தியம் பார்த்தவர்கள் உண்டு. 1939-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் வால்டர் கெம்ப்னர் என்ற மருத்துவர், ரத்த அழுத்தமும் சிறுநீரகக் கோளாறும் முற்றிப்போனவர்களுக்குச் சோறு, பழம், பழச்சாறு, சர்க்கரை என்று மட்டும் கொடுத்துப் பார்த்தார். அழுத்தம் இறங்கியது, பலருக்கு எடையும் சேர்ந்து இறங்கியது. மருத்துவர் கண்காணிப்பில் செய்த கடுமையான முறை அது, வீட்டில் செய்து பார்க்கிற விஷயமில்லை. ஆனாலும் சோறு தின்றாலே உடம்பு போடும் என்ற நினைப்புக்கு அது ஒரு நல்ல பதில்.

அப்புறம் ஜான் மெக்டூகல். 1970-களில் ஹவாய்த் தீவில் கரும்புத் தோட்டத் தொழிலாளர்களுக்கு மருத்துவம் பார்த்தவர், 2024-ல் காலமானார். ஆசியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த முதல் தலைமுறைப் பெரியவர்கள் வயதான பிறகும் சோறும் காயுமாகவே சாப்பிட்டு ஒல்லியாக இருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அமெரிக்கச் சாப்பாட்டுக்கு மாறியதும் பருமனும் சர்க்கரையும் வந்தன. இதைப் பார்த்துத்தான் அவர் மாவுச்சத்தை நடுவில் வைத்த உணவு முறைக்கு வந்தார். எடை குறைய வேண்டியவர்களுக்கு அவர் சொன்ன கணக்கு எளிமையானது: கண்ணால் பார்த்துத் தட்டில் பாதி மாவுச்சத்து, பாதி மாவில்லாத காய். தராசு தேவையில்லை.

சரி, சோறு தின்றால் ஒல்லியாக இருக்கலாம் என்றால் நம் ஊரில் ஏன் இவ்வளவு தொப்பை, இவ்வளவு சர்க்கரை? நியாயமான கேள்வி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வு ஒன்று 2023-ல் வெளியானது. இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிப் பேர் என்றது அது. இவர்களில் பெரும்பாலோர் வீட்டில் சோறோ சப்பாத்தியோதான் மூன்று வேளையும். ஹவாய்த் தோட்டத்துப் பெரியவர் சாப்பிட்டதற்கும் இதற்கும் வித்தியாசம் தட்டைப் பார்த்தாலே தெரியும். இங்கே சோறு மலைபோல் இருக்கும், பொரியல் ஊறுகாய் அளவுக்கு ஓர் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், குழம்பில் மேலே எண்ணெய் மிதக்கும், சாப்பிட்டவர் போய் நாற்காலியில் உட்காருவார். அதனால் சோறு நல்லது என்பதோ கெட்டது என்பதோ இரண்டுமே அவசரத் தீர்ப்பு என்றுதான் நினைக்கிறேன்.

இதற்குப் பின்னால் இருக்கும் வேலை ஒன்றும் பெரிய மர்மமில்லை. வயிறு கலோரியை எண்ணுவதில்லை. உள்ளே வந்த சாப்பாட்டின் எடை, அளவு, வயிறு எவ்வளவு விரிகிறது என்பதைத்தான் முதலில் உணர்கிறது. ஆகவே 100 கிராமில் எத்தனை கலோரி அடைந்திருக்கிறது என்பதுதான் பார்க்க வேண்டிய எண். வேகவைத்த உருளைக்கிழங்கிலும் சர்க்கரைவள்ளியிலும் சுமார் 85 முதல் 90. சோற்றில் 130. கேழ்வரகுக் களி தண்ணீர் அதிகம் பிடிப்பதால் 100-ஐ ஒட்டி வரும். சப்பாத்தி 300-ஐத் தொடும். முறுக்கு 500. காய்கள் பக்கம் வந்தால் எல்லாமே தரைமட்டம்: சுரைக்காய் 15, சௌசௌ 19, பீர்க்கங்காய் 20, முட்டைக்கோஸும் கத்தரிக்காயும் 25, பீன்ஸ் 31. பாலில் தண்ணீர் கலப்பது போல, சோற்றோடு காய் சேரச் சேர மொத்தத் தட்டின் கலோரி நீர்த்துப்போகிறது, வயிற்றுக்குள் போகும் அளவு மட்டும் குறைவதில்லை.

பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்பரா ரோல்ஸ் இதையே பல ஆண்டுகள் சோதித்துப் பார்த்தவர். 2004-ல் வந்த ஓர் ஆய்வில், சாப்பாட்டுக்கு முன்னால் எண்ணெய்ச் சேர்மானம் குறைந்த பெரிய கிண்ணக் காய்கறிச் சாலட் கொடுத்தபோது, சாலட்டையும் சேர்த்தே அந்த வேளையில் உள்ளே போன கலோரி 12 சதவீதம் குறைந்தது. அதே கிண்ணத்தில் எண்ணெயும் சீஸும் தாராளமாகப் போட்டபோது கணக்கு தலைகீழானது. நம் பந்தியில் பொரியலும் கூட்டும் முதலிலேயே இலைக்கு வந்துவிடுகின்றன. சோறு விழும்வரை அதைத் தொடாமல் காத்திருப்பதுதான் நம் பழக்கம். எடை குறைக்கிறவர் அந்த மரியாதையைக் கொஞ்சம் மீறலாம்.

அப்படியானால் காயை மட்டுமே தின்றால் இன்னும் வேகமாகக் குறையுமே என்று தோன்றும். ஒரு கிலோ சௌசௌவை முழுக்கத் தின்றாலும் கிடைப்பது 190 கலோரிதான். மதியம் வயிறு முட்டச் சாப்பிட்டது போல இருக்கும், நாலு மணிக்குக் கை நடுங்கும், ஐந்து மணிக்குக் கால் தானாக பேக்கரிப் பக்கம் நடக்கும். வயிறு நிறைவது வேறு, பசி அடங்குவது வேறு. பசியை அடக்கி வைப்பதில் மாவுச்சத்துக்கு ஈடு குறைவு. சிட்னி பல்கலைக்கழகத்தில் 1995-ல் 38 வகை உணவுகளை ஒரே அளவு கலோரிக்குக் கொடுத்து, அடுத்த இரண்டு மணி நேரம் பசி எப்படியிருக்கிறது என்று கேட்டார்கள். வெள்ளை ரொட்டிக்கு 100 மதிப்பெண் என்று வைத்துக்கொண்டால், வேகவைத்த உருளைக்கிழங்கு 323 வாங்கி முதலிடத்துக்கு வந்தது. சோறு 138. வெண்ணெய் ஊறிய குருவாஸான் ரொட்டி 47 வாங்கிக் கடைசி.

இன்னொரு ஆய்வும் முக்கியம். 2021-ல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 20 பேரை நான்கு வாரம் உள்ளேயே தங்கவைத்தார்கள். இரண்டு வாரம் கொழுப்பு குறைந்த, மாவுச்சத்து மிகுந்த தாவர உணவு. இரண்டு வாரம் மாவுச்சத்தை ஏறக்குறைய விலக்கிய மாமிச உணவு. எது வந்தாலும் வேண்டுமளவு சாப்பிடலாம். தாவர உணவில் இருந்த நாட்களில் அவர்கள் தாங்களாகவே நாளொன்றுக்குச் சராசரியாக 689 கலோரி குறைவாகச் சாப்பிட்டார்கள், பசிக்கிறது என்று புகாரும் இல்லை. ஆனால் சாப்பாட்டுக்குப் பின் ரத்தச் சர்க்கரை அந்த நாட்களில்தான் அதிகம் ஏறியது. இந்த இரண்டாவது பாதியைச் சொல்லாமல் முதல் பாதியை மட்டும் சொல்கிறவர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருக்கலாம்.

நம் ஊர்த் தட்டுக்கு வருவோம். 400 கிராம் சோறு, ஒரு கரண்டி சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல், ஓர் அப்பளம். இது ஏறக்குறைய 640 கிராம், 800 கலோரிக்கு மேல். இதையே 200 கிராம் சோறு, 150 கிராம் கீரைக் கடைசல், பாசிப்பருப்பு போட்ட சுரைக்காய்க் கூட்டு 200 கிராம், ஒரு டம்ளர் ரசம் என்று மாற்றினால் எடை 650 கிராமைத் தாண்டும், கலோரி 500-ஐ ஒட்டி நிற்கும். வயிற்றுக்குள் போகிற அளவில் ஒன்றும் குறையவில்லை. சோறு பாதியாகிவிட்டதே என்பது கண்ணுக்குத்தான் முதல் சில நாள் உறுத்தும்.

முதல் தட்டில் இருந்த உருளை வறுவலைக் கவனித்தீர்களா? நம் சமையலில் சோற்றுக்குத் தொட்டுக்கொள்வதெல்லாம் காய்க் கணக்கில் வந்துவிடும். உருளை, சேனை, சேம்பு, வாழைக்காய், பச்சைப் பட்டாணி எல்லாம் பொரியல் கிண்ணத்தில் இருந்தாலும் வேலை செய்வது சோற்றின் அணியில். சோறும் சேனை வறுவலும் சாப்பிட்டவர் "இன்னைக்குக் காய் நிறைய எடுத்துக்கிட்டேன்" என்று நம்புவார். இந்தக் கிழங்குகள் கெட்டவை இல்லை. சேனை வைக்கிற அன்று சோற்றை ஒரு கரண்டி குறைத்துவிட்டு, இன்னொரு பக்கம் வெண்டையோ அவரையோ வைத்தால் சரியாகிவிடும்.

மாவுச்சத்தைப் பற்றிப் பேசச் சேலத்தைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது, ஏனென்றால் இந்த மாவட்டம் அதையே தொழிலாக வைத்திருக்கிறது. ஆத்தூர்ப் பக்கம் பஸ்ஸில் போனால் சாலையோரம் மரவள்ளிக் காடு. இரண்டாம் உலகப்போரில் தென்கிழக்காசியாவிலிருந்து வந்துகொண்டிருந்த சரக்கு நின்றபோது 1940-களில் இங்கே ஜவ்வரிசித் தொழில் முளைத்தது. 1981-ல் ஆலைக்காரர்களுக்கான கூட்டுறவுச் சங்கமாகச் சேகோசர்வ் வந்தது. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

கிழங்கு ஜவ்வரிசியாகும் வழியைப் பார்த்தால் எடை குறைப்பவருக்கு வேண்டிய பாடம் பாதி அதிலேயே இருக்கிறது. கிழங்கைத் தோல் உரித்துக் கழுவி அரைக்கிறார்கள். பாலை வடிகட்டித் தொட்டியில் தெளியவைக்கிறார்கள். அடியில் படிந்த மாவை எடுத்துக் குலுக்கி உருட்டி, வறுத்தோ ஆவியில் வேகவைத்தோ களத்தில் காயப்போடுகிறார்கள். வடிகட்டும்போது ஒதுங்குகிற சக்கைக்குத் திப்பி என்று பெயர். நாரெல்லாம் அதில்தான் இருக்கிறது, அது மாட்டுத் தீவனத்துக்குப் போகிறது. நமக்கு வருவது நாரும் நீரும் போன வெள்ளை மாவு, 100 கிராமுக்கு 350 கலோரி. முழுக்கிழங்காக உப்புப் போட்டு வேகவைத்தால் அதில் பாதிக்கும் கீழேதான். அதையும் மென்று விழுங்க நேரமாகும், இரண்டு துண்டுக்கு மேல் தொண்டை ஒத்துக்கொள்ளாது. ஜவ்வரிசியை வடாமாக்கி எண்ணெயில் போட்டால் கை நிறைய அள்ளினாலும் காற்று போல இருக்கும், கிண்ணம் காலியாவது தெரியாது. ஒரே செடி, ஒரே மாவுச்சத்து. விரதத்துக்கு ஜவ்வரிசிக் கஞ்சி குடிப்பது வேறு விஷயம், அதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. தினசரி வேளைக்கு என்றால் முழுதாக வெந்தது முதலில், மாவாக அரைத்தது அதற்கடுத்து, உலர்த்திப் பொரித்தது கடைசியில். மரவள்ளியை நன்றாக வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும் என்பது இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பச்சைக் கிழங்கில் சயனைடு கொடுக்கக்கூடிய பொருள் உண்டு.

இதே மண்ணின் இன்னொரு சாப்பாடு கேழ்வரகுக் களி. சேலம், தருமபுரி வறண்ட பக்கங்களில் சோறு விசேஷத்துக்கு வந்த காலத்தில் வயிறு நிரப்பியது அதுதான். சேர்வராயன் மலையில் மலையாளி மக்கள் கேழ்வரகோடு சாமையும் தினையும் விளைவிக்கிறார்கள். களி உருண்டையை வட்டிலில் போட்டு, நடுவில் கட்டைவிரலால் குழித்துக் கீரைக் கடைசலை ஊற்றினால் அது சுற்றிலும் வழிந்து நிற்கும். களியை மெல்ல முடியாது, ஒவ்வொரு வாயையும் கடைசலில் புரட்டித்தான் விழுங்க வேண்டும். கடைசல் தீர்ந்தால் களி இறங்காது, இன்னொரு கரண்டி கேட்டே ஆகவேண்டும். ஆக யாரும் சொல்லாமலேயே பாதிக்குப் பாதி வந்துவிடுகிறது. கேழ்வரகில் 100 கிராமுக்கு 11 கிராம் போல நார்ச்சத்து, தீட்டிய அரிசியில் 3 கிராம்கூட இல்லை. ஆனால் கேழ்வரகு என்றாலே எடை குறையும் என்று மால்ட், பிஸ்கட், சேமியா என்று பாக்கெட்டில் வாங்குகிறவர்களுக்கு அந்த உதவி கிடைக்காது. உதவி செய்வது தண்ணீர் குடித்து வெந்த களியும் அதைச் சுற்றி நிற்கும் கீரையும்.

அடுத்தது எண்ணெய். தட்டைப் பாதிக்குப் பாதி பிரித்தும் எடை அசையவில்லை என்கிறவர்களின் வாணலியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி, 90 கிராம் சோற்றுக்குச் சமம். அது வயிற்றில் இடமே பிடிப்பதில்லை. 200 கிராம் முட்டைக்கோஸில் 50 கலோரிதான். அதில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயும் ஒரு கைப்பிடி தேங்காய்த் துருவலும் விழுந்தால் 400-க்கு வந்து நிற்கிறது. காய் தன் வேலையைச் செய்யவிடாமல் நாமே தடுத்த மாதிரி. தாளிப்புக்கு ஒரு டீஸ்பூன், மூடிபோட்டு ஆவியில் வேகவிடுவது, தேங்காய்க்குப் பதில் வேகவைத்த பாசிப்பருப்பைத் தூவுவது, இவ்வளவு செய்தாலே போதும். ருசி கெடாது.

செடியிலிருந்து வருவதெல்லாம் லேசானது என்ற எண்ணமும் இங்கே காலை வாரும். ஏற்காட்டில் பட்டர் ஃப்ரூட் காய்க்கும் பருவத்தில் மலைக்குப் போய்வருகிறவர்கள் பை நிறையக் கொண்டுவருவார்கள். அருமையான பழம், நல்ல கொழுப்பு, 100 கிராமுக்கு 160 கலோரி. நிலக்கடலை 560-க்கு மேல். அம்மாப்பேட்டைத் தெருவோரத் தட்டுவடை செட் இன்னொரு வேடிக்கை: இரண்டு தட்டுவடைக்கு நடுவில் துருவிய கேரட், பீட்ரூட், வெங்காயம், இரண்டு வகைச் சட்னி. நடுவில் இருப்பது எடை குறைப்பவருக்குப் பிடித்த எல்லாம், மேலும் கீழும் எண்ணெயில் பொரிந்த மாவு. எப்போதாவது சாப்பிட்டால் குடி முழுகாது. சாலட் கணக்கில் மட்டும் எழுதிக்கொள்ளக் கூடாது.

மதியச் சாப்பாட்டைச் சரிசெய்வது சுலபம், காலை டிபன்தான் கஷ்டம். இட்லி, தோசை, பொங்கல், உப்புமா எதிலும் காய்க்கு இடமில்லை, தேங்காய்ச் சட்னி வேறு சேர்ந்துகொள்ளும். இட்லி தன்னளவில் நல்ல பண்டம். எண்ணெய் இல்லை, உளுந்து சேர்ந்திருக்கிறது, ஒன்று 60 அல்லது 70 கலோரிதான். அதற்குத் தொட்டுக்கொள்வதை மாற்றினால் போதும். சுரைக்காயும் முருங்கைக்காயும் கத்தரிக்காயும் மிதக்கும் சாம்பாரை ஊற்றிக்கொள்வதற்குப் பதில் கிண்ணத்தில் வாங்கிக் கரண்டியால் சாப்பிடலாம். தக்காளி, பீர்க்கங்காய்த் துவையல், கத்தரிக்காய்க் கொத்சு எல்லாம் தேங்காய் கேட்காதவை. உப்புமாவில் ரவையைப்போல் இரண்டு பங்கு காய் போடலாம். அப்போது அது உப்புமா போல இருக்காது என்று வீட்டில் சத்தம் வரும், சமாளித்துக்கொள்ளுங்கள்.

பாதிக்குப் பாதி என்பது ஆரம்பப் புள்ளி, கல்வெட்டு கிடையாது. காட்டில் நாள் முழுக்க மரவள்ளி பிடுங்குகிறவருக்குச் சோறு கூடுதலாக வேண்டும், பட்டறையில் உட்கார்ந்தே இருக்கிறவருக்குக் காய் கூடுதலாக. மூன்று நான்கு வாரம் எடை நகரவில்லை என்றால், எண்ணெயைச் சரிபார்த்த பிறகு, காயை இரண்டு பங்காக்கிச் சோற்றை ஒரு பங்காக்கலாம். சாயங்காலம் பசி தாங்காமல் நொறுக்கல் தேடுகிறீர்கள் என்றால் எதிர்த்திசையில் போக வேண்டும், மதியம் ஒரு கரண்டி சோறோ ஒரு சர்க்கரைவள்ளிக் கிழங்கோ கூட்ட வேண்டும். எடை குறைப்பவர்கள் இந்த இரண்டாவதைச் செய்யவே பயப்படுவார்கள், ஆனால் பெரும்பாலும் வேலை செய்வது அதுதான். காயையும் ஒரே நாளில் இரண்டு மடங்காக்காமல் மெல்லக் கூட்டினால் வயிறு உப்பாது.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியில், 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 250 கிராம் தானியம், கீரை உட்பட 400 கிராம் காய்கறி, 85 கிராம் பருப்பு வகை என்று போட்டிருக்கிறார்கள். எடை குறைப்புக்கென்று எழுதியதில்லை அது, எல்லோருக்குமான கணக்கு. அதிலேயே காய் தானியத்தைத் தாண்டி நிற்கிறது. நாலு பேர் வீட்டுக்கு ஒரு வேளைக்குக் கால் கிலோ பீன்ஸ் வாங்குகிறவர் அடுத்த முறை அஸ்தம்பட்டி உழவர் சந்தையில் நின்று இந்த எண்ணை நினைத்துப் பார்க்கட்டும். 85 கிராம் பருப்பையும் விட்டுவிடக் கூடாது. பால் இல்லாதவர்களுக்குப் புரதம் அங்கேயிருந்துதான் வரவேண்டும். கொள்ளு, பச்சைப்பயறு, தட்டைப்பயறு எல்லாம் இந்தப் பக்கத்துச் சமையலில் ஏற்கெனவே இருப்பவை. பி12 வைட்டமின் மட்டும் எந்தக் காயிலும் பயறிலும் கிடையாது. பாலையும் விட்டவர்கள் அதை மாத்திரையாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் சோற்றைத் திடீரென்று பாதியாக்கினால் மருந்தின் அளவு அதிகமாகிச் சர்க்கரை தாழ்ந்துவிடும், வியர்த்து மயக்கம் வரும். தட்டை மாற்றுவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லி மருந்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும். இவர்களுக்கு வெள்ளைச் சோற்றைவிடப் பயறும் சிறுதானியமும் கலந்த தட்டு நல்லது, காயை முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வருவதும் சர்க்கரை ஏறும் வேகத்தைக் குறைக்கும். சிறுநீரகம் பழுதானவர்களுக்குக் கீரையிலும் கிழங்கிலும் உள்ள பொட்டாசியமே தொந்தரவு செய்யலாம். அவர்கள் இந்தக் கட்டுரையின் அளவுகளை எடுத்துக்கொள்ளாமல் தங்கள் மருத்துவர் தரும் பட்டியலின்படியே சாப்பிட வேண்டும்.